தாத்தாவின் ஏரும் மம்பட்டியும் செல்லரிக்காமல் காப்பது எப்படி

தாத்தா போன பிறகு தொழுவத்து மூலையில் கிடக்கும் சாமான்களைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பாசமுள்ள வீடு என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, முன்னறையில் மாட்டுகிறார்கள். இந்த இரண்டாவதும் வேண்டாம். மம்பட்டிக் கணையை, அதாவது கைப்பிடிக் கட்டையை, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு இடம் மட்டும் கறுத்து வழுவழுவென்று இருக்கும். அவருடைய முன்கையும் பின்கையும் பிடித்த இடங்கள் அவை. தகட்டின் வாய் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் எந்தப் பக்கம் சாய்த்து வெட்டினார் என்பதும் தெரியும். உப்புத்தாள் பட்டால் இதெல்லாம் போய்விடும். அழுக்கையும் துருவையும் பூச்சியையும் எடுத்தால் போதும், தேய்மானத்தைத் தொடக்கூடாது.

துடைப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். பிறகு அப்பத்தாவையோ, அவரோடு உழுத பங்காளிகளையோ உட்காரவைத்து ஒவ்வொன்றின் பேரையும் வேலையையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மேழி, ஏர்க்கால், கொழு, நுகத்தடி, பூட்டாங்கயிறு, தார்க்குச்சி எல்லாம் அவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. நிலம் எந்தத் தண்ணீரில் விளைந்தது என்பதையும் கேளுங்கள். 1895-ல் பெரியாறு அணை வந்தபின் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த மதுரை மாவட்ட மேலூர்ப் பக்கத்து நெல்வயலில் சேற்றைச் சமப்படுத்தும் பரம்புப் பலகைக்கு வேலை அதிகம். திருமங்கலம், பேரையூர்க் கரிசலில் பருத்திக்கும் சோளத்துக்கும் களைக்கொத்துதான் ஓயாமல் ஓடியிருக்கும். கேட்டதைத் துணித்துண்டில் பென்சிலால் எழுதி நூலால் கட்டுங்கள். பால்பாயிண்ட் மை வெளுத்துவிடும். ஒட்டுநாடாவின் பசை மரத்தில் கறையாகத் தங்கும்.

மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது பூச்சி. மண்கோடு ஓடியிருந்தால் கரையான். வீட்டுக்குள் கொண்டுவருமுன் வெளியிலேயே சுரண்டி எடுத்துவிடுங்கள். சிறு துளைகள் இருந்தால் பொருளைக் கறுப்புத் துணிமேல் ஒரு வாரம் வையுங்கள். புதிதாக மாவு உதிர்ந்தால் உள்ளே வண்டுப்புழு உயிரோடு இருக்கிறது. வைரம் பாய்ந்த பாகத்தை இது அவ்வளவாகத் தொடாது, வெளிப்புற வெள்ளைக்கட்டையைத்தான் தின்னும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தை ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்துத் துளை துளையாகச் செலுத்துங்கள். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. இதைச் செய்யாமல் வார்னிஷ் அடித்தால் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, ஒரு நாள் வண்டாகி வார்னிஷைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஈரமாக இருந்தால் நிழலில், காற்றுப்படும்படி பத்துப் பதினைந்து நாள் போடுங்கள். சித்திரை வெயிலில் காயவைத்தால் மேல்பக்கம் மட்டும் வேகமாகச் சுருங்கி, ஏரின் நீளக் கட்டையான ஏர்க்கால் நெடுக விரிசல் விடும். காய்ந்தபின் தேங்காய்நார் பிரஷால் மண்ணைத் தட்டிவிட்டு, கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் (boiled linseed oil) 100 மில்லியும் டர்பன்டைன் 100 மில்லியும் கலந்து துணியால் மெல்லிசாகத் தடவுங்கள். இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிசுபிசுக்கும். ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு. தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் வேண்டாம். அவை மரத்தில் காய்ந்து இறுகாது. தூசி ஒட்டும், சிக்கு வாடை வரும், எறும்பும் வரும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்தோ, தண்ணீரில் முக்கியோதான் வெளியே போட வேண்டும்.

இரும்புக்குப் புளிக்கரைசல் போடும் பழக்கம் உண்டு. துரு போகும், ஆனால் இரவு முழுக்க ஊறினால் இரும்பையும் அரிக்கும். கருக்கரிவாளின் பல் மழுங்கிவிடும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் கம்பிநாரால் துருப் பொருக்கை மட்டும் எடுப்பது நல்லது. நெருப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது. பொருக்கு போனபின் தங்கும் கரும்பழுப்பு நிறத்தை விட்டுவிடுங்கள், கிரைண்டர் வேண்டவே வேண்டாம். நன்றாகத் துடைத்து, சிறிது நேரம் வெயில் காட்டி, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் போதும்.

கணை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கத்தை இங்கே செய்யாதீர்கள். மரம் உப்பி அப்போதைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிடத் தளரும், கணை நுழையும் இரும்புக் காதும் துருப்பிடிக்கும். மெல்லிய ஆப்பு ஒன்று செருகிவிடுங்கள்.

மாட்டும்போது சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். நுகத்தடியை நடுவில் ஒற்றை ஆணியில் தொங்கவிடாமல் இரண்டு இடத்தில் தாங்குங்கள். ஏரைத் தரையில் வைப்பதானால் அடியில் செங்கல். அண்ணன் தம்பிகள் பங்கு போடும்போது ஏரையும் நுகத்தடியையும் பிரிக்காதீர்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கட்டும்.

ஆயுத பூஜைக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் சந்தனம் குங்குமம் கட்டாயம் வைக்கலாம். ஆனால் சந்தனத்தின் ஈரம் இரும்பில் தங்கினால் பொட்டு வைத்த வடிவத்திலேயே துரு ஏறும். மறுநாள் காலையில் துடைத்து எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதம் ஒருமுறை அடியில் மாவு உதிர்ந்திருக்கிறதா, மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.