வேலூர் போர் தண்ணீரும் சில்லி ரஸ்போராவும்
சில்லி ரஸ்போரா முழுதாக வளர்ந்தாலே 2 செ.மீ. தான். போர்னியோவின் சதுப்புக்காடுகளில், இலைகள் ஊறித் தேநீர் நிறமான, உப்பு மிகக் குறைந்த நீரில் வாழும் மீன். நம் வேலூர் பக்கத்து போர் தண்ணீர் பாத்திரத்திலேயே வெள்ளைக் கறை படிய வைக்கும்; அதில் நேராக விடாதீர்கள், பாவம். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் மொட்டைமாடி நீரைப் பிடித்து வையுங்கள். காய்ந்து உதிர்ந்த நாட்டு பாதாம் இலை ஒன்றிரண்டு போடலாம், ஆனால் இலை போட்டதும் போர் தண்ணீரின் கடினம் போய்விடாது, நிறம்தான் மாறும். பத்து மீனாவது சேர்த்து விடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். அப்புறம், கத்திரி வெயிலில் தொட்டி மேல் சின்ன ஃபேன் ஓடட்டும். வற்றிய அளவுக்கு மழைநீரையே ஊற்றுங்கள், போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.