ஆற்று வாளைக்குப் பிரெய்டு நூல்: வாங்குவதும் வீட்டிலேயே சோதிப்பதும்

கொடுமுடிப் பக்கம் காவிரியில் ஒரு மாலை. செத்த கெண்டைக் குஞ்சை முள்ளில் கோத்துப் போட்டிருந்தேன். இருட்டும் நேரத்தில் ராட் வளைந்தது. முதல் இழுப்பிலேயே வாளை என்று தெரிந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, டப்பென்று ஒரு சத்தம், கையில் பாரமே இல்லை. பெட்டியில் 80 பவுண்டு எடை தாங்கும் என்று போட்டிருந்த பிரெய்டு நூல் அது. வாயில் முள்ளோடும் பின்னால் பல மீட்டர் நூலோடும் மீன் போய்விட்டது. மீன் போன வருத்தம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. அந்த நூல் பாறையில் சிக்கி, மீன் அங்கேயே கிடந்து செத்திருக்குமோ என்ற நினைப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

நான் சொல்வது கடலில் பிடிக்கும் நாடா போன்ற வாளையை இல்லை. ஆற்றிலும் அணையிலும் வாழும், மீசை வைத்த, அகன்ற வாய் வாளை. கெளுத்திக் கூட்டத்தைச் சேர்ந்தது. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அதனால் நூலைச் சோதிப்பதை ஒரு கடமையாகவே நினைக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்துவிடலாம்.

படி 1: பெட்டியில் எதைப் படிப்பது

பிரெய்டு என்பது மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நூல். சாதாரண நைலான் நரம்பைவிட மிக மெல்லியதாக இருந்தும் அதே எடையைத் தாங்கும். ரப்பர் போல நீளாது. அதனால் மீன் இரையைத் தொட்டாலே கைக்குத் தெரியும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பவுண்டை முதலில் மறந்துவிடுங்கள். விட்டத்தையும் பிஈ எண்ணையும் தேடுங்கள். பிஈ எண் என்பது நூலின் தடிமனைக் குறிக்க ஜப்பானியர் வகுத்த அளவு. பிஈ 1 என்றால் சுமார் 0.165 மில்லிமீட்டர், பிஈ 4 என்றால் 0.33, பிஈ 5 என்றால் 0.37. விட்டம் இரண்டு மடங்கானால் எண் நான்கு மடங்காகும்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. ஒரு பிஈ எண்ணுக்கு அதிகபட்சம் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ. அதற்கு மேல் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். நான் ஏமாந்த நூலில் 0.20 மில்லிமீட்டர், 80 பவுண்டு என்று இருந்தது. 0.20 என்பது பிஈ 1.5. நல்ல இழையாக இருந்தாலும் 30 பவுண்டைப் பெரிதாகத் தாண்டாது.

வாளைக்கு என் தேர்வு பிஈ 4 அல்லது 5, நான்கு இழைப் பின்னல். எட்டு இழை வழவழப்பாக இருக்கும், தூரமாக வீசலாம், விலையும் கூட. ஆனால் ஒரே விட்டத்தில் நான்கு இழை நூலின் ஒவ்வோர் இழையும் தடிமனாக இருப்பதால் பாறையில் உரசினால் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். காவிரிப் பாறைக்கு அதுதான் சரி.

படி 2: பென்சிலும் ஒரு டம்ளர் தண்ணீரும்

பென்சிலில் நூலை இடைவெளி விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், 30 சுற்று சுற்றுங்கள். ஸ்கேலால் அகலத்தை அளந்து 30-ஆல் வகுங்கள். 10 மில்லிமீட்டர் வந்தால் விட்டம் 0.33. பின்னல் கொஞ்சம் தட்டையாகும் என்பதால் சிறு வித்தியாசம் வரும், பரவாயில்லை. பெட்டியில் 0.33 என்று போட்டு, கையில் 0.45 வந்தால் அந்தப் பெட்டியில் வேறு எதையும் நம்பாதீர்கள்.

அடுத்து, ஒரு விரல் நீள நூலைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு டம்ளரில் போடுங்கள். பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மிதந்தால் உயர்ந்த ரகம் என்று அர்த்தமாகிவிடாது. ஆனால் மூழ்கினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படி 3: பெயின்ட் வாளிச் சோதனை

இதைத் தவறவிடாதீர்கள். நூல் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை, முடிச்சில்தான் அறுகிறது. அதனால் நீங்கள் போடும் முடிச்சோடு சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

ஸ்விவல் என்பது நூல் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சின்ன உலோக இணைப்பு. அதைக் கட்ட பாலோமர் முடிச்சு போதும். நூலை இரண்டாக மடித்து ஸ்விவலின் வளையத்தில் நுழையுங்கள். மடிப்பைக் கொண்டு ஒரு சாதாரண முடிச்சு போட்டு, இறுக்காமல் விடுங்கள். மடிப்பின் காதுக்குள் ஸ்விவலை முழுவதுமாக நுழைத்து எடுங்கள். எச்சிலோ தண்ணீரோ தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி சரேலென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் இழை கெட்டுவிடும்.

இப்போது நூலின் மறுமுனையை வழவழப்பான தடித்த குழாயில் பத்துச் சுற்று சுற்றி, பிறகு கட்டுங்கள். சுற்றுகளே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், அந்த முனையில் அறாது. கீழே ஸ்விவலில் 20 லிட்டர் பெயின்ட் வாளியை உறுதியான கொக்கியால் மாட்டுங்கள். வாளி தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் தொங்கினால் போதும். முடிச்சை நனைத்துவிட்டு, லிட்டர் கணக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதோடு வாளியின் எடை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை நூலுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். நூலைக் கையில் சுற்றி இழுத்துப் பார்க்கவே கூடாது. பிரெய்டு கத்தி போல விரலை அறுத்துவிடும்.

மூன்று முறை புது முடிச்சு போட்டுச் செய்யுங்கள். மூன்றில் குறைந்த எண்ணை எழுதி வையுங்கள். சராசரி வேண்டாம். ஆற்றில் மாட்டும் மீன் உங்கள் மோசமான முடிச்சையும் இழுக்கலாம். பிஈ 4 நூலில் வாளி நிறைந்தும் அறாவிட்டால், சுமார் 20 கிலோ தாங்கியிருக்கிறது. வாளைக்கு அது தாராளம்.

அறுந்தால் முனையைப் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, நூல்மீது குற்றமில்லை. பஞ்சு போலப் பிரிந்திருந்தால் ஏற்கெனவே உரசித் தேய்ந்த நூலாக இருக்கலாம். ஆற்றில் அறுந்தாலும் இதையே பாருங்கள்.

படி 4: கல்லில் உரசிப் பார்ப்பது

நீங்கள் மீன் பிடிக்கும் இடத்திலிருந்தே ஒரு கல் கொண்டுவாருங்கள். நூலின் முனையில் 2 கிலோ கட்டி, கல்லின் விளிம்பில் நனைத்தபடி மேலும் கீழும் இழுங்கள். எத்தனை முறையில் அறுகிறது என்று எண்ணுங்கள். அதே கல்லில் 0.70 மில்லிமீட்டர் நைலான் நரம்பையும் இழுத்துப் பாருங்கள். நரம்பு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தபின், பிரெய்டை நேரே முள்ளில் கட்ட உங்களுக்கே மனசு வராது.

வாளையின் வாயில் சிறுசிறு கூர்ப்பற்கள் வரிசையாக இருக்கும். ஆகவே ஸ்விவலுக்கும் முள்ளுக்கும் நடுவே 0.70 முதல் 0.80 மில்லிமீட்டர் நரம்பு ஒரு மீட்டர் போடுங்கள். அதுதான் லீடர்.

படி 5: ரீலில் ஏற்றுவது

பிரெய்டு வழுக்கும். வெறும் ஸ்பூலில், அதாவது ரீலில் நூல் சுற்றும் உருளையில், கட்டினால் மொத்தச் சுற்றும் சேர்ந்து சுழலும். முதலில் பத்து மீட்டர் நைலான் நரம்பை ஏற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். ஈரத்துணியால் நூலைப் பிடித்து அழுத்தம் கொடுத்தபடி சுற்றுங்கள். தளர்வாக ஏற்றினால் மீன் இழுக்கும்போது மேல்சுற்று அடியில் புதைந்து பூட்டிக்கொள்ளும்.

டிராக் என்பது மீன் பலமாக இழுத்தால் ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக். அதைச் சோதனையில் வந்த குறைந்த எண்ணில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள். 20 கிலோ வந்தால் டிராக் 5 கிலோ. ராட் வழியாக நூலை வெளியே எடுத்து, முனையில் தராசு மாட்டி, நண்பர் ஒருவரை இழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

அணையிலும் ஏரியிலும் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகையில் இருக்கும், கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முதல் ஐந்து மீட்டர் நூலைப் பஞ்சுக்குள் வைத்து இழுங்கள். இழை சிக்கும் இடம் வரை வெட்டிவிடுங்கள். நிறம் மங்குவது மட்டும் பழுதில்லை, சாயம் போவது இயல்பு. வெட்டிய துண்டுகளைக் கரையில் போடாமல் ஒரு பாட்டிலில் போட்டு எடுத்துவாருங்கள், நீர்க்காகத்தின் காலில் அது சுற்றினால் அவிழ்க்க யாரும் இல்லை.