லேப்டாப்பில் பாடிப் பதியும்போது வரும் தாமதம்: எங்கே தவறுகிறது?

பின்னணி ட்ராக் ஓடுகிறது, மைக் முன்னால் பாடுகிறீர்கள், உங்கள் குரலே சற்றுப் பின்தங்கி ஹெட்போனில் வருகிறது. உடனே கை பஃபர் அளவை (லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து ஒரு மூச்சில் கையாளும் துண்டின் அளவை) குறைக்கப் போகும். அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பாடும்போது காதில் கேட்கும் தாமதம் ஒரு கோளாறு. பாடும்போது எல்லாம் சரியாக இருந்து, பதிந்ததைத் திரும்பப் போடும்போது மட்டும் குரல் தாளத்துக்குப் பின்னால் கிடந்தால் அது வேறு கோளாறு. இரண்டையும் லேட்டன்சி என்றே சொல்கிறோம், ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. பஃபரைக் குறைத்தால் முதலாவது குறையும், இரண்டாவது பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முதலில் காதில் கேட்கும் தாமதம்.

ப்ளூடூத் ஹெட்போன் போட்டிருந்தால் வேறெதையும் தேடவே வேண்டாம். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதற்குள் 100 முதல் 300 மில்லிசெகண்ட் வரை போய்விடும். எந்த செட்டிங்கும் இதைச் சரிசெய்யாது, ஒயர் வைத்த ஹெட்போன்தான் வழி.

அடுத்தது டிரைவர், அதாவது ஒலிக்கருவியையும் கணினியையும் பேசவைக்கும் மென்பொருள். விண்டோஸில் பதிவு மென்பொருள் எம்எம்இ அல்லது டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸின் பழைய ஒலிப் பாதைகள் வழியாக ஓடிக்கொண்டிருந்தால், பஃபரை எவ்வளவு குறைத்தாலும் பெரிய மாற்றம் தெரியாது, ஏனென்றால் நடுவில் விண்டோஸின் சொந்த மிக்ஸர் உட்கார்ந்திருக்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்போடு இணைக்கும் வெளிப் பெட்டி) வாங்கியவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, அந்த மிக்ஸரைத் தாண்டிப் போகும் ஏஎஸ்ஐஓ டிரைவரை இறக்கி, மென்பொருளின் ஆடியோ செட்டிங்கில் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் இந்த இடத்தில் ஏஎஸ்ஐஓ4ஆல் போடுகிறார்கள். அது விண்டோஸின் பொது டிரைவர் மேல் போர்த்திய ஒரு உறை மட்டுமே. இன்டர்ஃபேஸ் இல்லாமல் லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டில் பதிபவர்களுக்கு உதவும். சொந்த டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸுக்கு அது தேவையில்லை. மேக்கில் கோர் ஆடியோ என்ற சொந்த ஒலி அமைப்பு இருப்பதால் இந்தத் தலைவலி கிடையாது.

யூஎஸ்பி மைக்கில் பாடி, லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் கேட்பதும் வழக்கமான தவறு. உள்ளே வரும் ஒலிக்கு ஒரு கடிகாரம், வெளியே போகும் ஒலிக்கு இன்னொன்று. இரண்டும் மெல்ல விலகும், நீளமான பதிவில் கிராக்கிள் (படபடவென்ற வெடிப்பொலி) வரும். மைக்கிலேயே ஹெட்போன் துளை இருந்தால் அதில் செருகுங்கள்.

இனி பஃபர். கணக்கு எளிது: பஃபர் அளவை சாம்பிள் ரேட்டால் (ஒரு நொடிக்கு எத்தனை சாம்பிள், அதாவது ஒலி அளவீடு, என்ற எண்ணால்) வகுத்தால் நேரம் கிடைக்கும். 48,000 ரேட்டில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3, 1024 என்றால் 21.3. இது ஒரு வழிக்கு மட்டும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. அதோடு ஒலியை எண்ணாக்கும், எண்ணை ஒலியாக்கும் நேரமும், யூஎஸ்பி டிரைவர் பாதுகாப்புக்காக ஒதுக்கும் நேரமும் சேரும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போகவே கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் ஆகிறது. அதனால் மொத்தம் 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் கீபோர்டு, கிட்டார் வாசிப்பவர்களில் பலருக்குத் தொந்தரவு இராது. பாடுபவர்களுக்கு அதுவும் உறுத்தும்: தங்கள் குரல் எலும்பு வழியே உடனே கேட்டுவிடுகிறது, ஹெட்போனில் வருவது அதோடு மோதிக் குரலின் நிறத்தைக் கெடுக்கிறது.

அதற்காக 32க்கு இறக்கிவிடாதீர்கள். கணினி நேரத்துக்குள் கணக்கை முடிக்காவிட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும், அது பதிவிலேயே விழுந்தும்விடும். 128இல் தொடங்குங்கள், கிராக்கிள் வந்தால் ஒரு படி ஏற்றுங்கள். பதிவு முடிந்து மிக்ஸ் செய்யும்போது 512 அல்லது 1024 வைத்துக்கொள்ளலாம், அப்போது தாமதம் பொருட்டே இல்லை.

பஃபர் 64இல் இருந்தும் குரல் இழுக்கிறதா? எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டர் ட்ராக்கைப் பாருங்கள். முன்னோக்கிப் பார்த்து வேலை செய்யும் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ, இரைச்சல் நீக்கும் ப்ளக்இன் போன்றவை (மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் ஒலித் திருத்திகள்) தங்களுக்கென்று தனித் தாமதம் கேட்கும், மென்பொருள் மற்ற ட்ராக்குகளையும் அதற்கேற்பக் காக்கவைக்கும். காலி ப்ராஜெக்ட் ஒன்றில் ஒரே ட்ராக் வைத்துப் பாடிப் பாருங்கள். தாமதம் போய்விட்டால் குற்றவாளி ப்ளக்இன்தான்.

பாடகர்களுக்கு நாங்கள் சொல்வது டைரக்ட் மானிட்டரிங்கையே. இன்டர்ஃபேஸில் உள்ள அந்த பட்டனை அழுத்தினால் குரல் லேப்டாப்புக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்கு வரும். அழுத்திவிட்டு மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரை (குரலை மென்பொருள் வழியே திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை) அணைக்க மறப்பதால்தான் குரல் இரட்டையாக, தகரக் குழாய்க்குள் பாடியதுபோலக் கேட்கிறது. ரிவர்ப் (அறையின் எதிரொலிபோன்ற விளைவு) இல்லாமல் பாட வராது என்றால் மென்பொருளிலிருந்து ரிவர்ப் ஒலியை மட்டும், மூலக்குரல் துளியும் கலக்காமல், ஹெட்போனுக்கு அனுப்புங்கள். ரிவர்ப் சில மில்லிசெகண்ட் பிந்தி வந்தால் காதுக்குத் தவறாகத் தெரியாது.

சிபியூ மீட்டர் 20 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் கிராக்கிள் என்றால், பெரும்பாலும் வேறொரு டிரைவர் சில மில்லிசெகண்ட் பிராசஸரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு வைஃபையை அணைத்து மறுபடி ஓடவிடுங்கள். நெட்வொர்க் டிரைவர் அடிக்கடி மாட்டும். சார்ஜரைச் செருகி, பவர் ப்ளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்து, இன்டர்ஃபேஸை யூஎஸ்பி ஹப் இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகிவிட்டுச் சோதியுங்கள்.

இரண்டாவது கோளாறு, பதிந்த ட்ராக் தள்ளிக் கிடப்பது. மிருதங்கம், கஞ்சிரா போன்ற தாளவாத்தியங்களில் இது பச்சையாகத் தெரியும். பலர் ட்ராக்கைக் கையால் இழுத்துப் பொருத்துகிறார்கள். அடுத்த ட்ராக்கிலும் அதே பிழை வரும், அதையும் இழுக்க வேண்டும். ஒருமுறை அளந்துவிடுவது மேல். இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு ஒரு கேபிள் போடுங்கள். டைரக்ட் மானிட்டரிங், மென்பொருள் மானிட்டர் இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றி, ஒலியளவைக் குறைத்துவைத்து, ஒரு ட்ராக்கில் உள்ள க்ளிக் ஒலியை ஓட்டி இன்னொரு ட்ராக்கில் பதியுங்கள். பெரிதாக்கிப் பார்த்து இரண்டுக்கும் இடையே எத்தனை சாம்பிள் என்று எண்ணுங்கள். 48,000 ரேட்டில் 240 சாம்பிள் என்றால் 5 மில்லிசெகண்ட்.

அந்த எண்ணை மென்பொருளில் பதிவுத் திருத்தமாகக் கொடுக்க வேண்டும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ப்ரிஃபரன்சஸுக்குள் ஆடியோ, அதற்குள் ரெக்கார்டிங் பக்கம். இன்னொரு பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்ற பெட்டியில் முன்கூட்டியே -130 மில்லிசெகண்ட் இருக்கும். அது பொத்தாம்பொதுவான மதிப்பு, உங்கள் கருவிக்கு அளந்தது அல்ல. எண்ணைக் கொடுத்ததும் க்ளிக்கை மறுபடி பதிந்து பாருங்கள். இடைவெளி இரட்டிப்பானால் கூட்டல் கழித்தல் குறி மாறிவிட்டது. கருவியையோ டிரைவரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். ஆடாசிட்டியில் பஃபர் நீளத்தை மாற்றினாலும் அப்படியே.