பெயர் ஒன்று, வேலை வேறு: சருமப் பொருட்களின் லேபிளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடை அலமாரியில் இரண்டு சீரம் பாட்டில்கள். இரண்டின் முகப்பிலும் ‘நியாசினமைடு’ (விட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) என்றே போட்டிருக்கிறது. ஒன்றின் விலை மட்டும் இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு. பின்பக்கம் திருப்பி, பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை குறைந்ததை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. விலை கூடினால் தரமும் கூடும் என்று மற்றதை எடுப்பவர்களும் உண்டு. இரண்டு பேருமே ஒப்பிடவில்லை. பெயர் இருப்பது முதல் தகவல் மட்டும்தான். அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது, கரைசலின் பிஎச் (அமில, காரத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) என்ன, தோலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் பலனைத் தீர்மானிக்கிறது.

வரிசையைத் தவறாகப் படிப்பது

இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அதிகத்திலிருந்து குறைவு நோக்கி வரிசைப்படுத்தி எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அவற்றுக்குப் பின்னால் எந்த வரிசையிலும் எழுதலாம். 0.01 சதவீதம் மட்டுமே உள்ள குங்குமப்பூச் சாற்றை, 0.9 சதவீதம் உள்ள பதப்படுத்திக்கு முன்னால் போட்டாலும் விதிமீறல் இல்லை.

இந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று லேபிள் சொல்லாது. ஆனால் ஊகிக்கலாம். பீனாக்ஸியெத்தனால் என்ற பதப்படுத்தியைத் தேடுங்கள். அதற்கு உச்சவரம்பே 1 சதவீதம்தான். ஆகவே அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. கார்போமர், சாந்தன் கம், டைசோடியம் இடிடிஏ ஆகியவையும் வழக்கமாக 1 சதவீதத்துக்குக் கீழேதான் சேர்க்கப்படுகின்றன.

ஒரு க்ரீமின் பட்டியல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: தண்ணீர், கிளிசரின், கேப்ரிலிக் டிரைகிளிசரைடு, செட்டியரைல் ஆல்கஹால், நியாசினமைடு, பீனாக்ஸியெத்தனால், கார்போமர், குங்குமப்பூச் சாறு, அதிமதுரச் சாறு, சோடியம் ஹயலூரோனேட். டப்பா முழுக்கக் குங்குமப்பூ படம். ஆனால் அது கோட்டுக்குக் கீழே இருக்கிறது. எவ்வளவு என்று யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உண்மையில் இதை வாங்குபவருக்குக் கிடைப்பது கிளிசரின் கலந்த ஒரு நல்ல ஈரப்பத க்ரீம். நியாசினமைடு பீனாக்ஸியெத்தனாலுக்கு முன்னால் இருப்பதால் 1 சதவீதத்துக்கு மேல் என்றும் முடிவு கட்ட முடியாது. கோட்டுக்குக் கீழே வரிசை கிடையாது அல்லவா? முகப்பில் சதவீதம் அச்சிட்டிருந்தால் மட்டுமே அதை நம்பி ஒப்பிடலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. கடைசியில் இருப்பதெல்லாம் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுகிறார்கள். விட்டமின் ஏ வகையான ரெட்டினால் 0.1 சதவீதத்திலேயே வேலை செய்யும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் சோடியம் ஹயலூரோனேட்டை 1, 2 சதவீதத்துக்கு மேல் சேர்த்தால் கரைசல் கூழாகிவிடும். இவை பட்டியலின் கடைசியில் வருவது இயல்பு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்துகொண்டுதான் அதன் இடத்தை மதிப்பிட வேண்டும்.

சதவீதம் கூடினால் பலன் கூடும் என்று நினைப்பது

நியாசினமைடு பற்றிய நல்ல ஆய்வுகள் பலவும் 2 முதல் 5 சதவீதத்தில் நடந்தவை. பருவுக்கு 4 சதவீத ஜெல்லையும், கருமைத் திட்டுகளுக்கும் சுருக்கத்துக்கும் 5 சதவீதத்தையும் சோதித்திருக்கிறார்கள். 10 சதவீத சீரம் பூசி முகம் சிவந்து சுணைக்கிறது என்றால், சருமத்துக்கு நியாசினமைடே ஆகாது என்று அர்த்தமில்லை. 5 சதவீதத்துக்கு இறங்கிப் பாருங்கள். எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது தூய விட்டமின் சி, 20 சதவீதம் வரை தோலுக்குள் போவது கூடுகிறது. அதற்கு மேல் எரிச்சல்தான் மிச்சம்.

அமிலங்களில் இந்தத் தவறு இன்னும் பெரியது. கிளைகாலிக் அமிலம் தோலில் வேலை செய்வது அயனியாகப் பிரியாத அமிலமாக இருக்கும் பகுதியால்தான். அந்தப் பகுதி எவ்வளவு என்பதை பிஎச் முடிவு செய்கிறது. பிஎச் 3.83-இல் சரிபாதி பிரியாமல் இருக்கும். பிஎச் 3.5-இல் 68 சதவீதம். பிஎச் 5-இல் வெறும் 6 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஎச் 3.5-இல் உள்ள 5 சதவீத டோனரில் வேலை செய்யும் அமிலம் சுமார் 3.4 சதவீதம். பிஎச் 5-இல் உள்ள 10 சதவீத டோனரில் 0.6 சதவீதம். முகப்பில் பெரிய எண் போட்ட பாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வேலை செய்யாது. பட்டியலில் சோடியம் ஹைட்ராக்சைடு இருந்தால் பிஎச்சைச் சரிசெய்திருக்கிறார்கள் என்று தெரியும், எங்கே நிறுத்தினார்கள் என்று தெரியாது. நிறுவனத்திடம் கேளுங்கள். அமிலப் பொருள் விற்பவர்கள் பிஎச்சைச் சொல்லாவிட்டால் அதை வாங்காமல் விடுவதே சரி. மறுபக்கம், வீட்டில் தானாகப் பயன்படுத்தும் கிளைகாலிக் பொருளுக்கு 10 சதவீதமும் பிஎச் 3.5-உம் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதத்துக்கு மேலோ பிஎச் 3.5-க்குக் கீழோ போகும், தோலை உரிக்கும் ‘பீல்’ வகைகள் தோல் மருத்துவரின் கையில் இருக்க வேண்டியவை. மாநிறத்திலும் கருநிறத்திலும் தோல் வெந்தால், புண் ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

ஒரே குடும்பத்தை ஒரே பொருளாக எண்ணுவது

முகப்பில் ‘விட்டமின் சி’ என்று இருந்தாலும் பின்னால் இருப்பது எல்-அஸ்கார்பிக் அமிலமாக இருக்கலாம், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட்டாக இருக்கலாம், அஸ்கார்பில் குளுக்கோசைடாகவும் இருக்கலாம். முதலாவதுக்கு ஆதாரம் அதிகம், ஆனால் பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும், சுருக்கென்று எரியும், காற்றும் வெயிலும் பட்டால் கெடும். மற்ற இரண்டும் மென்மையானவை, நிலையானவை. அஸ்கார்பிக் அமிலமாகத் தோலில் மாறிய பிறகுதான் பலன் தரும். ஆகவே 10 சதவீதம், 10 சதவீதம் என்று இவற்றை நேருக்கு நேர் நிறுத்த முடியாது. தூய விட்டமின் சி வாங்கினால் நிறத்தைக் கவனியுங்கள். நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தது டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். நம் ஊர் கோடையில் குளியலறை அலமாரி அதற்கு ஏற்ற இடமல்ல, ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளிச்சம் புகாத பாட்டிலையே தேர்ந்தெடுங்கள்.

விட்டமின் ஏ குடும்பமான ரெட்டினாய்டுகளும் இப்படியே. ரெட்டினைல் பால்மிடேட் முதலில் ரெட்டினாலாகவும், பிறகு ரெட்டினால்டிஹைடாகவும், கடைசியில் ரெட்டினாயிக் அமிலமாகவும் மாற வேண்டும். ஒவ்வொரு படியிலும் வீரியம் குறையும். பால்மிடேட் க்ரீமை ரெட்டினால் விலைக்கு வாங்குவது வீண்செலவு. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்தக் குடும்பத்தில் எதையும் தொட வேண்டாம்.

கழுவிவிடும் பொருளையும் பூசிக் கழுவாமல் விடுவதையும் ஒன்றாக வைப்பது

ஃபேஸ்வாஷ் முகத்தில் நிற்பது அரை நிமிடம். விட்டமின் சி, ஹயலூரோனிக் அமிலம் என்று அதில் எத்தனை போட்டாலும் தண்ணீரோடு போய்விடும். ஃபேஸ்வாஷில் பார்க்க வேண்டியது அழுக்கை எடுக்கும் பொருள் எது என்பதைத்தான். சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கினால் அது சோப்பு. பிஎச் 9, 10 இருக்கும். தோலின் பிஎச் 5-ஐ ஒட்டியது. சோடியம் கோகாயில் ஐசெத்தியனேட் என்று தொடங்கினால் அது மென்மையான வகை. சோப்பு உறையில் உள்ள டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப் பொருள்) எண்ணும் பலரைக் குழப்புகிறது. 76 சதவீதம் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம் என்பது சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு. 76 இருந்தாலும் காரத்தன்மை அப்படியேதான் இருக்கும்.

பெயரைக் கண்டு பயப்படுவது

செட்டைல் ஆல்கஹால், செட்டியரைல் ஆல்கஹால் இரண்டும் மெழுகு போன்றவை. தோலை வறட்டாது, மிருதுவாக்கும். வறட்டக்கூடியது பட்டியலின் தொடக்கத்தில் வரும் ஆல்கஹால் டினாட், அதாவது எளிதில் ஆவியாகும் சாராயம். பாரபென் ஒரு வகைப் பதப்படுத்தி. ‘பாரபென் இல்லை’ என்ற வாசகத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அதற்குப் பதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மெத்தில்ஐசோதியசோலினோன் என்ற பதப்படுத்தி அலர்ஜியைப் பரவலாக உண்டாக்கியதால், பூசிக் கழுவாமல் விடும் பொருட்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்துவிட்டது. இயற்கை என்பதால் பாதுகாப்பு என்றும் இல்லை. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் சுமார் 2. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கறுப்புத் திட்டும் வரலாம்.

சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் ஒப்பிடுவதும் போதாது. அது வெயிலின் புற ஊதாக் கதிர்களில் யுவிபி வகைக்கான அளவு. இன்னொரு வகையான யுவிஏவுக்குப் பிஏ குறியைப் பாருங்கள். நான்கு கூட்டல் குறி இருந்தால் 16 மடங்கோ அதற்கு மேலோ பாதுகாப்பு. மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைக் கூட்டும். அவர்கள் பட்டியலில் அயர்ன் ஆக்சைடு உள்ள, நிறம் கலந்த சன்ஸ்கிரீனை எடுக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பூசாவிட்டால் அச்சிட்ட எண் கிடைக்காது.

பட்டியலே இல்லாததை வாங்குவது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். ஒரே வாரத்தில் நிறம் மாறும் என்று விற்கப்படும், பொருட்பட்டியலோ தயாரிப்பாளர் முகவரியோ இல்லாத சிகப்பழகு க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகத்தில் புரதம் கசியும் நோய் வந்தது 2023-இல் வெளியே தெரிந்தது. லேபிளில் மெர்குரஸ் குளோரைடு, கேலோமெல், சின்னபாரிஸ் என்றோ, ‘தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படாமல் வைக்கவும்’ என்றோ இருந்தால் பாதரசத்தைச் சந்தேகியுங்கள். அது உலோகத்தோடு கலந்துவிடும்.

இன்னொரு வகை மருந்துக்கடையில் கிடைப்பது: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள். 2018 முதல் இவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளம் தெரிந்து, பரு வெடிக்கும். மாதக்கணக்கில் பூசிவந்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் முகம் கடுமையாகச் சிவந்து எரியும். பழைய டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எதை எப்படிக் குறைப்பது என்று அதன் பெயரையும் சதவீதத்தையும் பார்த்துத்தான் அவர் சொல்ல முடியும்.