1966 கார்வெட் எஞ்சினில் சரியான ஸ்டிக்கர் ஒட்டுவது எப்படி (மூன்று முறை ஒட்டியவன் சொல்கிறேன்)

என் 66 கார்வெட்டை (செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கியபோது ஏர் கிளீனரின் குரோம் மூடியில் 327 டர்போ-ஃபயர், 350 ஹார்ஸ்பவர் என்று ஸ்டிக்கர் இருந்தது. 327 என்பது கன அங்குலத்தில் எஞ்சினின் அளவு, 350 அதன் குதிரைத்திறன். ஸ்டிக்கர் ஓரம் கிழிந்திருந்ததால் அதே மாதிரி புதிதாக வாங்கி ஒட்டினேன். இரண்டு மாதம் கழித்து எஞ்சின் பிளாக்கைத் துடைத்தபோதுதான் தெரிந்தது, இது 300 குதிரைத்திறன் எஞ்சின். பழைய உரிமையாளர்களில் யாரோ ஆசைக்கு ஒட்டிய 350-ஐ நான் காசு கொடுத்துப் புதுப்பித்திருக்கிறேன்.

அதனால் கடைக்குப் போகும் முன் பிளாக்கிடம் கேளுங்கள்.

1. பிளாக்கில் இருக்கும் குறியீடு

பயணி பக்கத்து (அமெரிக்க வண்டி என்பதால் வலது பக்கத்து) சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் சின்னதாக ஒரு தட்டையான மேடை இருக்கும். எண்ணெயும் ஆரஞ்சு பெயின்ட்டும் மூடியிருக்கும். பெயின்ட் ரிமூவரைத் தடவி, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள், கம்பி பிரஷ் இரண்டையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். தொழிற்சாலையில் அந்த மேடையைச் சீவியபோது விழுந்த மெல்லிய கோடுகள் அழிந்தால், இது அசல் முத்திரைதான் என்று பிறகு யாரையும் நம்பவைக்க முடியாது.

என்னுடையதில் முதல் எழுத்து எஃப் (F), அதாவது ஃபிளின்ட் ஆலை. டி (T) என்றால் டோனவாண்டா ஆலை. அடுத்த நான்கு இலக்கங்கள் மாதமும் தேதியும். கடைசி இரண்டு எழுத்துகள்தான் நமக்கு வேண்டியவை. 1966-இல் எச்ஈ (HE) என்றால் மேனுவல் கியருடன் வந்த 327/300 (அளவு/குதிரைத்திறன்), எச்ஓ (HO) என்றால் அதுவே பவர்கிளைடு ஆட்டோமேட்டிக்குடன், எச்டி (HT) என்றால் 327/350. பெரிய 427 எஞ்சினில் ஐஎல் (IL) என்றால் 390, ஐபி (IP) என்றால் 425. இது முழுப் பட்டியல் இல்லை, வேறு குறியீடுகளும் உண்டு. ஆண்டு மாறினால் பட்டியலும் மாறும்.

உண்மையில் எனக்கு முன்பே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 350-க்கு வரி வரியாக மேடு வைத்த அலுமினிய வால்வ் கவர் வரும். என் வண்டியில் இருந்தது ஆரஞ்சு பெயின்ட் அடித்த சாதாரணத் தகரக் கவர். கண் முன்னால் இருந்தும் பார்க்கவில்லை.

427 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 1966-இன் தொடக்கத்தில் வந்த உயர்திறன் 427-களின் மூடியில் 450 என்று போட்டார்கள், பிறகு 425 என்று மாற்றினார்கள். எஞ்சின் அதேதான். ஆகவே அங்கே வண்டி எப்போது தயாரானது என்பதையும் பார்க்க வேண்டும்.

2. வாங்குவது

ஒட்டப்போவது காட்சிக்கோ மதிப்பீட்டுக்கோ என்றால், 1974-இல் தொடங்கிய நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி வெளியிடும் உங்கள் ஆண்டுக்கான மதிப்பீட்டுக் கையேட்டை முதலில் வாங்குங்கள். ஸ்டிக்கரை விட விலை அதிகம்தான், ஆனால் இரண்டு முறை தப்பாக வாங்குவதை விடக் குறைவு. பழைய ஸ்டிக்கரைப் பிய்க்கும் முன் ஸ்கேலோடு படம் எடுத்து, மூடியின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எண் பொய்யாக இருந்தாலும் இடம் சரியாக இருக்கலாம். கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதுகில் பசை உள்ளது, தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடுவது என்று இரண்டு வகை கிடைக்கும். முதல் முறை என்றால் பசை வகையே போதும். ஊறவைப்பது அழகாக உட்காரும், ஆனால் கை நடுங்கினால் கிழியும்.

3. மூடியைச் சுத்தம் செய்வது

பழையதை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி நகத்தால் உரியுங்கள், பிளேடு வேண்டாம். மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். குரோம் பாலிஷ் போட்ட மூடி என்றால் ஆல்கஹாலால் இரண்டு முறை துடையுங்கள். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் மெழுகு இருக்கிறது, மறுபடியும் துடைக்க வேண்டும்.

4. ஒட்டுவது (நான் சறுக்கிய இடம்)

இரண்டாவது ஸ்டிக்கரில் எண் சரி, ஒட்டியதுதான் தப்பு. ஜனவரி மாதம், ஹீட்டர் இல்லாத கராஜ். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் தாராளமாகக் கலந்து தெளித்தேன். ஸ்டிக்கர் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு மணி நேரத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். மறுநாள் நான்கு மூலையும் அப்பளம் போல் சுருண்டிருந்தது.

காரணம் மூன்று. குளிரில் பசை பிடிக்காது. கைக்கு இதம் தரும் லோஷன் கலந்த சோப்பு, பசைக்கும் குரோமுக்கும் நடுவில் படலமாக நின்றுவிட்டது. உள்ளே மாட்டிய தண்ணீர் வெளியேறும் முன்பே சூடு கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது முறை மூடியை வீட்டுக்குள் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் ஒட்டினேன் (வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம்). அரை லிட்டர் தண்ணீரில் இரண்டே சொட்டு பேபி ஷாம்பூ. மூடியின் அளவுக்கு ஒரு காகித வட்டம் வெட்டி இரண்டாக மடித்தால் நடுக்கோடு கிடைத்துவிடும். அதை வைத்து மாஸ்கிங் டேப்பில் குறி போட்டேன். ஸ்டிக்கரைக் குறிக்கு நேராக வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரைத் தள்ளினேன். இதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் ஸ்குவீஜி எனக்குப் பிடிக்கவில்லை, கீறல் விழுகிறது. காலாவதியான கிரெடிட் கார்டில் பழைய பனியன் துணியைச் சுற்றினால் அதைவிட நன்றாக வேலை செய்யும். சின்னக் குமிழி நின்றால் ஊசியால் ஒரு குத்து, விரலால் ஒரு அழுத்து.

பிறகு இரண்டு நாள் தொடவில்லை.

மேலே கிளியர் கோட் அடிக்கலாமா என்றால், என் கருத்து வேண்டாம். குரோமில் அது நிற்காது, நாளடைவில் உரியும்.

பின்சேர்க்கை

ஒட்டி முடித்து மூடியை மாட்டியதும் எழுத்து கோணலாகத் தெரிகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு விங் நட். அதைத் தளர்த்தி மூடியைத் திருப்பினால் போதும், ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டாம்.

டைனோவில் (வண்டியின் திறனை அளக்கும் கருவி) 300 வரவில்லை, ஸ்டிக்கர் பொய்யா என்று இன்னொருவர். அந்தக் காலத்தில் போட்டது மொத்தத் திறன், அதாவது வண்டியில் இருக்கும் சைலன்சரும் துணைக் கருவிகளும் இல்லாமல் எஞ்சினைத் தனியாக ஓட்டி அளந்தது. 1972 மாடலில் அவற்றையும் மாட்டி அளக்கும் நிகரக் கணக்குக்கு மாறியபோது, முந்தைய ஆண்டு 330 என்றிருந்த கார்வெட்டின் எல்டி-1 (LT-1) எஞ்சின் 255 ஆனது. டைனோ அளப்பதோ சக்கரத்துக்கு வந்து சேர்வதை, அது இன்னும் குறையும்.

எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தபோது பிளாக்கின் மேல்பரப்பைச் சீவி முத்திரையே போய்விட்டது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று காட்டும் டேக்கோமீட்டரைப் பாருங்கள். 300-க்கும் 350-க்கும் சிவப்புப் பகுதி ஒரே எண்ணில் தொடங்காது. மீட்டரை யாரும் மாற்றாமல் இருந்திருந்தால் அதுவே பதில் சொல்லும்.