விடிவதற்குள் பைபாஸில் தார் மாற்றுவது எப்படி

காலை ஆறு மணிக்கு ரோட்டைத் திறந்தாக வேண்டும். கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள். சேலம் பைபாஸில் பதினெட்டு வருஷமாக இந்த இரவு வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். 500 மீட்டர் நீளத்துக்குப் பழைய தாரை 40 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டினால், திரும்பப் போட 70 கன மீட்டர், ஏறக்குறைய 165 டன் தார்-ஜல்லிக் கலவை வேண்டும். டிப்பருக்கு 18 டன் என்றால் பத்து லோடு. கலவை தயாராகும் பிளான்ட்டில் பர்னர் எரிந்து ஜல்லி சூடேறிவிட்டது என்று போனில் கேட்ட பிறகே, ரோட்டைச் சுரண்டும் மில்லிங் மெஷினின் டிரம்மை இறக்குங்கள். ஒரு முறை கொண்டலாம்பட்டிப் பக்கம் அவசரப்பட்டு 800 மீட்டர் சுரண்டிவிட்டோம். பாதி ராத்திரியில் பிளான்ட் நின்றுபோனது. விடியற்காலையில் பால் கேனோடு வந்த ஒருவர் அந்த வெட்டு விளிம்பில் பைக் சறுக்கி விழுந்து, கை முறிந்தது. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. போட முடிந்த அளவுக்குத்தான் சுரண்ட வேண்டும்.

சாயங்காலமே சேர்வராயன் மலைப்பக்கம் பாருங்கள். அங்கே மின்னினால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஈரத்தின் மேல் போட்ட தார் ஒட்டாது, உரிந்துவிடும்.

கோன்களை வண்டிகள் வரும் முனையிலிருந்து வைத்துக்கொண்டு போக வேண்டும். கொடி பிடிப்பவருக்கு மின்னும் சட்டை கட்டாயம். பெங்களூரு ஆம்னி பஸ்கள் நள்ளிரவுக்கு மேல்தான் வேகமாக வரும்.

மில்லிங் டிரம்மில் தண்ணீர் அடிப்பதால் சுரண்டிய பள்ளத்தில் சேறு தங்கும். கூட்டி, கம்ப்ரஸரால் ஊதி, காயவிடுங்கள். புதுத் தார் ஒட்டுவதற்காகத் தெளிக்கும் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவில் போதும். தெளித்ததும் காப்பி நிறத்தில் இருக்கும். கருத்த பிறகே பேவரை (கலவையைப் பரப்பும் மெஷினை) விடுங்கள். பொறுமையில்லாமல் பழுப்பிலேயே போட்ட இடங்கள்தான் மறு வருஷம் குழியாகின்றன.

விஜி-30 என்ற தார் வகை என்றால் பேவருக்கு வரும்போது கலவை 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. உருட்டி முடிக்கும்போது 90க்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு டிப்பரிலும் தார்ப்பாயை விலக்கித் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள், டிரைவர் சொல்வதை நம்பி விடாதீர்கள். 40 மில்லிமீட்டர் மெல்லிய அடுக்கு, ராத்திரிக் காற்றில் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் ரோலர் பேவரை ஒட்டியே போகட்டும், தாழ்ந்த ஓரத்திலிருந்து உயர்ந்த ஓரத்துக்கு. சூட்டின் மேல் ரோலரை நிறுத்தினால் பள்ளம் விழும். ரோலர் சக்கரத்துக்குத் தண்ணீர் மட்டும்தான்; டிப்பர் தொட்டியில் டீசல் தடவ விடாதீர்கள், அது தாரைக் கரைக்கும்.

பேவர் நடுவில் நிற்காமல் ஊரட்டும். அடுத்த லோடு தாமதமானால் வேகத்தைக் குறையுங்கள். தடம் முடியும் இடத்தில் இளகிய கலவையை நேராக வெட்டி எடுத்து, 3 மீட்டர் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (சமம் பார்க்கும் நேர்க்கட்டை) வைத்துப் பாருங்கள். மேடு தெரிந்தால் சூடு இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும்.

புது ரோடு சுற்றுப்புறச் சூட்டுக்கு ஆறும்வரை லாரியை விடக் கூடாது. பிறகு கோன்களை, கடைசியாக வைத்ததிலிருந்து, பின்னோக்கி எடுத்து வாருங்கள். 'வேலை நடக்கிறது' பலகை எல்லாவற்றுக்கும் கடைசியில் இறங்கட்டும்.