வாரத்துக்கு ஒரு வரி

ஞாயிறுதோறும் சபையில் விசுவாசப் பிரமாணத்தை, அதாவது நம் கிறிஸ்தவ விசுவாசத்தின் சுருக்கமான அறிக்கையை, மனப்பாடமாகச் சொல்கிறோம். அதையே பாடப் புத்தகமாக்குங்கள். வாரத்துக்கு ஒரு வரி போதும். சிங்கப்பூர் ரயிலில் உட்லண்ட்ஸில் ஏறி ஜூரோங் ஈஸ்டில் இறங்கும்வரை எனக்குக் கிடைக்கும் நேரம் இதற்குத்தான்.

திங்கட்கிழமை வரியை ஒரு சின்ன நோட்டில் எழுதுவேன். மறுநாளிலிருந்து அதற்கு ஆதாரமான வேதப்பகுதியை முழு அதிகாரமாக வாசிப்பேன். ஒற்றை வசனத்தைப் பிடுங்கி எடுத்தால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வரும் பாதிப் போதனை அப்படித்தான் இருக்கிறது.

அம்மா இறந்த மாதம் எனக்கு வந்த வரி, 'சரீரம் உயிர்த்தெழுதலும்'. அதுவரை ஆத்துமா பரலோகம் போவதோடு எல்லாம் முடிந்தது என்றே நினைத்திருந்தேன். 1 கொரிந்தியர் 15-ஐ மூன்று நாள் வாசித்தேன். அப்புறம் லூக்கா 24. உயிர்த்தெழுந்த இயேசு கைகளையும் கால்களையும் காட்டுகிறார், சீஷர்கள் கொடுத்த பொரித்த மீனை அவர்கள் முன்பாகவே சாப்பிடுகிறார். அம்மாவின் கை எனக்கு நினைவு வந்தது, மீன் ஆய்ந்து ஆய்ந்து காய்த்துப்போன கை. ரயிலிலேயே அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்கு என் சொந்த வார்த்தையில் அந்த வரியைச் சொல்வேன். தடுமாறினால் எனக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். சரி, அதே வரி அடுத்த வாரமும். விளங்காததை நோட்டில் கேள்வியாகக் குறித்து, ஆராதனை முடிந்ததும் போதகரிடம் நேரில் கேளுங்கள்.